ஏழாம் லயத்துக்கு எழுதிய பெயர்

முப்பரிமாணப் படத்தில் மலையை வரைவது கணினியின் வேலை. அந்த மலையில் பெயர் எழுதுவதுதான் மனிதனுக்கு வந்த கேடு. இதே வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சக பாவிகள் இதைப் படித்தால் ஒருமுறை தலையாட்டிக்கொள்ளுங்கள், அது போதும்.

நான் இருபத்திரண்டு வருஷம் ஒரு நாளிதழில் வரைபடம் போட்டவன். அங்கே காகிதம் தட்டையாகக் கிடக்கும், எழுதிய பெயர் எழுதிய இடத்தில் இருக்கும். பதிப்பை மூடியதும் பாலக்காட்டில் வெங்கிடியிடம் சேர்ந்தேன். அவர் கல்பாத்திக்காரர். டிரோன் எடுத்துவரும் அளவுகளைக் கொண்டு நிலத்தை மேடுபள்ளத்தோடு கணினியில் எழுப்பித் தருவார்.

போன வருஷம் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தைப் படமாக்கும் வேலை வந்தது. படத்தில் மண் சரியக்கூடிய இடம் சிவப்பு, சரியாத இடம் பச்சை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். மொத்தம் பன்னிரண்டு லயம். எந்த லயத்தின் பெயர் சிவப்பில் விழுகிறதோ, அதை ஜூனில் இறங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் காலி செய்து வேறு வீடு தருவார்கள். பெயர் எழுதும் பொறுப்பு என்னுடையது.

மலைக்குள் போன பெயர்

முதலில் அந்தந்த லயத்தின் கூரை மட்டத்திலேயே பெயரை வைத்தேன். திரையில் 'ழாம் ல' என்று மட்டும் தெரிந்தது. மிச்சத்தைக் காணோம். கணினிக்கு எழுத்தும் ஒரு பொருள்தான். மலைக்கு முன்னால் நின்றால் காட்டும், மலைக்குள் நுழைந்தால் மறைத்துவிடும். ஏழாம் லயம் செங்குத்துச் சரிவின் அடிவாரத்தில் இருந்ததால் பெயரின் இரண்டு முனையும் மண்ணுக்குள் போயிருந்தன.

வெங்கிடி வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொருமுறை பார்த்தார். "பேரைக் கொண்டுபோய் மலைக்குள்ள புதைச்சுட்டீரே ஓய், இனி ஜேசிபி வெச்சுத் தோண்டணுமாக்கும்!"

பின்பக்கம் பார்த்த சூப்பர்வைசர்

பெயரைக் கொஞ்சம் உயர்த்தி, பெயர்ப்பலகை மாதிரி நிறுத்தினேன். மடிக்கணினியைத் தோட்டத்து ஆபீசுக்குக் கொண்டுபோய் சூப்பர்வைசர் செல்லையாவிடம் காட்டினேன். மேற்கிலிருந்து பார்க்கும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. "கிழக்கால இருந்து எப்படித் தெரியும்?" என்று கேட்டார். படத்தைச் சுழற்றினேன். பன்னிரண்டு பெயரும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி நின்றன. நாம் பலகைகளின் முதுகைப் பார்க்கிறோம், அதனால்தான் அப்படி என்று விளக்கினேன்.

செல்லையா நியாயமான மனிதர். முதுகைப் பார்த்தால் படிக்க முடியாது, முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு போய், மடிக்கணினியின் பின்பக்கம் குனிந்தார். அங்கே சற்று நேரம் தேடிவிட்டு நிமிர்ந்தார். "இந்தப் பக்கம் ஒண்ணுமே எழுதலியே சார்!"

உயரத் தகராறு

அதன்பிறகு, படத்தை எப்படித் திருப்பினாலும் பெயர் நம் பக்கமே முகம் காட்டும்படி செய்தேன். உடனே பக்கத்துப் பக்கத்து லயங்களின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஆகவே ஒவ்வொன்றையும் ஒரு கோட்டின் நுனியில், வெவ்வேறு உயரத்தில், கொடிக்கம்பம்போலத் தூக்கினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. கொடிக்கம்பம் என்றாலே என்ன நடக்கும் என்பதைப் பத்திரிகையில் இருந்தவன் யோசித்திருக்க வேண்டும்.

அந்தத் தோட்டத்தில் இரண்டு யூனியன், லயத்துக்கு லயம் கொடி மாறும். மறுநாளே ஒரு யூனியனின் செயலாளர் நாலு பேரோடு வந்து, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு கம்பத்தையும் அளந்தார். அடுத்த யூனியனும் அளந்தது. முடிவில், பன்னிரண்டு பெயரும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்று இரு தரப்பும் ஒற்றுமையாகத் தீர்மானித்தார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்றார் செல்லையா. நானும் அப்படியே செய்தேன். பள்ளத்தில் கிடந்த ஏழாம் லயத்துக்கு மட்டும் கம்பம் மிக நீளமாகிவிட்டது. செயலாளருக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் சார் சரி, அவங்க பேரோட காலுக்குக் கீழ எங்க பேரு தொங்குனா தோழர் முகத்துல நாங்க எப்படி முழிக்க?"

சீல் வைத்த படம்

காலி செய்யும் பட்டியலைப் போட வேண்டிய டெபுட்டி தாசில்தார் ஒரு கோணத்தில் படத்தை நிறுத்தி, ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தார். அந்தப் பிரிண்டரில் மை குறைவு. எழுத்தெல்லாம் விழுந்தது, மெல்லிய கம்பங்கள் விழவில்லை. சாய்ந்து பார்க்கும் கோணம் வேறு. நீளக் கம்பத்தின் நுனியில் இருந்த 'ஏழாம் லயம்' தன் வீடுகளை விட்டு விலகி, அப்பால் மேட்டில் இருந்த பச்சைச் சமவெளியின் மேல் மிதந்தது. அவர் அதைப் பார்த்துப் பட்டியல் எழுதினார். ஏழாம் லயத்துக்கு ஆபத்தில்லை, காலி செய்ய வேண்டாம்.

பதினோரு வீடு. பின்சுவரில் வேனிலிலேயே ஊற்று கசிகிற வீடுகள். மழைக்கு மூன்று வாரம் இருந்தது. அச்சிலேயே வளர்ந்த நான் ஒரு பிரதி அச்செடுத்துப் பார்த்திருந்தால் தப்பு அன்றே தெரிந்திருக்கும். திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்ததோடு விட்டுவிட்டேன். ஓடிப்போய் அந்த டெபுட்டி தாசில்தாரிடமே சொன்னேன். மடிக்கணினியைத் திறந்து, படத்தை நேராக்கிக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். கோபப்படவில்லை. மேலே போய்ச் சேர்ந்த பட்டியலைத் திரும்ப வாங்குவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். "திருப்பினா நூறு படம் வரும் சாரே, சீல் வெச்ச படம் ஒண்ணுதான், அதாணு ரேகை."

மாரியம்மாளின் சந்தேகம்

ரேகை என்றால் அங்கே ஆவணம். அதை மாற்ற ஒரு மனு எழுதலாம் என்று ஏழாம் லயத்துக்குப் போனேன். முதல் வீட்டுக்காரி மாரியம்மாள் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "எங்க வாசல்ல நின்னு பாத்தா எப்படித் தெரியுமோ, அப்படித் திருப்புங்க அண்ணாச்சி" என்றாள். திருப்பினேன். வீட்டுக்குப் பின்னால் திரை முழுக்கச் சிவப்பு. "இதத்தான நாங்க நெதம் பாக்கோம்" என்றாள்.

பிறகு சீல் வைத்த தாளின் நகலை வாங்கி, தங்கள் லயத்தின் பெயருக்கு அடியில் இருக்கும் இடம் எது என்று கேட்டாள். துரைமார் காலத்து கிளப் கட்டடம், கருங்கல் சுவர், பூட்டிக் கிடக்கிறது என்றேன். தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அப்ப சர்க்காரு எங்களை அங்கதான குடிவெச்சிருக்கு?"

குடியேற்றம்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு குடும்பமும் அண்டா, டிவி, கோழி சகிதம் மேலே ஏறின. கிளப் சாவி செல்லையாவிடம் இருந்தது. சீலைப் பார்த்தார், திறந்துவிட்டார். சீல் வைத்த தாளை மறுக்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. திங்கட்கிழமை டெபுட்டி தாசில்தார் ஜீப்பில் வந்து, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். மாரியம்மாள் அவருடைய தாளையே அவர் முன்னால் விரித்தாள். படம் தப்பு என்றால் பன்னிரண்டு லயத்தின் பட்டியலும் தப்பு. படம் சரி என்றால் இவர்கள் இருக்கிற இடமும் சரி. அவர் தாளையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜீப்பின் முகப்பில் கோப்பை வைத்து எழுதினார்: நேரில் பரிசோதித்ததில் ஏழாம் லயம் படத்தில் கண்ட இடத்திலேயே உள்ளது.

மழை நாலு நாள் முன்னதாகவே வந்தது. ஒன்பதாம் நாள் சரிவு இறங்கி, பழைய லயத்தின் அடுப்படிகள் அத்தனையையும் மூடியது. உள்ளே யாரும் இல்லை.

மழை விட்டதும் போனேன். மாரியம்மாள் கிளப் வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இனிமேலாவது பெயரை ஒழுங்காக எழுதுகிறேன் என்று, மன்னிப்புக் கேட்பதாக நினைத்து, சொன்னேன். அவள் கையிலிருந்த சேலையை அப்படியே விட்டுவிட்டாள். "அந்தப் பேரை மட்டும் தொட்டிராதீய அண்ணாச்சி, மறுபடி அண்டாவச் சொமக்க யாரால முடியும்?"

தப்பான இடத்தில் நான் எழுதி, திருத்தம் வெளியிடாமலே சரியாகிப்போன பெயர் என் தொழிலில் அது ஒன்றுதான்.