படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை

அச்சகத்தில் பதினோரு வருடம் பிழை திருத்தியவள், வேலையை விட்டுவிட்டுக் கதை விளையாட்டுப் புத்தகங்கள் போட ஆரம்பித்தாள். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. எழுத்து, படம், பார்சல் எல்லாம் அவளே. முதல் இரண்டு புத்தகங்களை அக்காவையும் அத்தானையும் தவிர யாரும் சீண்டவில்லை.

மூன்றாவது ஒரு பேய்வீட்டுக் கதை. அது சூடு பிடித்தது. கடைசிப் பக்கத்தில் அந்த வீட்டின் வரைபடமும், கீழே அவளுடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன.

ஒருநாள் காலை ஓர் ஆண் குரல் அழைத்தது. "அந்த வீடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கற்பனை என்றாள்.

"படிக்கட்டுக்குக் கீழ ஒரு அறை, வெளியில மட்டும் தாழ்ப்பாள். அதுவுமா கற்பனை?"

போனை வைத்துவிட்டான். மறுநாளும் அழைத்தான், அதற்கு மறுநாளும். நாலாம் நாள் கதவுக்கு அடியில் ஓர் உறை கிடந்தது, தபால்தலை இல்லை. உள்ளே அதே வரைபடம். அந்த அறையை மட்டும் கறுப்பு மையால் தாள் கிழியுமளவு தீற்றியிருந்தான். வாசல்வரை வந்திருக்கிறான்.

பூட்டை மாற்றினாள். தெருவில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் ஏதாவது கடைக்குள் நுழைந்துவிடுவாள். போலீசுக்குப் போகலாம் என்றாள் அக்கா. பகடையில் ஆறு விழுந்தால் போகலாம் என்று அத்தான் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. போலீஸ் என்றதும் அவளைப் பிடித்தது வேறொரு பயம். அந்த வீட்டுப் படம் கற்பனையே இல்லை. அச்சகத்துக் கழிவுத்தாள்களில் கிடந்த ஏதோ பழைய வீட்டின் வரைபடத்தைப் பார்த்துப் போட்டது. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை; போலீஸ் விசாரித்தால் வெளியே வந்துவிடும்.

அடுத்த அழைப்பில் அவளே அவனை வரச்சொன்னாள். அக்காவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தாள்.

வந்தவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"கதவைச் சாத்த மாட்டீங்கல்ல?"

மாட்டேன் என்று சொல்லி, படம் கிடைத்த விதத்தையும் மறைக்காமல் சொன்னாள். எட்டு வயதில் அந்த அறையில்தான் அப்பா அவரைப் பூட்டிவைப்பாராம். யாரோ தன்னை வேவு பார்த்து எழுதிவிட்டதாக இத்தனை நாளும் நடுங்கிக்கொண்டிருந்தாராம்.

"விளையாடுறவங்க அதுக்குள்ள மாட்டிக்கிட்டா, வெளிய வர வழி இருக்கா?"

"இல்லைங்க."

"ஒண்ணு வைங்க."

மறுபதிப்பில் அந்த அறைக்கு ஒரு ஜன்னல் வைத்தாள். அவர் எழுதிக்கொடுத்த முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பினாள், பதில் வரவில்லை. அடுத்த புத்தகத்தில் வீடே கிடையாது, நடுக்கடலில் ஒரு கப்பல். அதன் அறைகளையும் பயந்து பயந்துதான் வரைந்தாள்.