நாற்று முடி பிடித்த கை

எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோயைச் சொல்வது என் வேலை இல்லை. படம் எடுப்பதோடு என் வேலை முடிந்தது. குடவாசலில் நான் வேலை பார்த்த சின்ன மருத்துவமனையில் இதை எனக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவார்கள். ஆனால் பதினோரு வருஷமாக எலும்பையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குக் கண் சும்மா இருக்குமா? தேய்மானம் என்றால் விரல் நுனிப் பக்கத்து மூட்டுகளில் இடைவெளி குறுகி, ஓரத்தில் எலும்பு முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். யூரிக் அமிலத்தால் வரும் வாதம் பெரும்பாலும் கால் கட்டைவிரலில்தான் உட்காரும். எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி எலும்பில் ஒரு பள்ளம் தெரியும். முடக்குவாதம் வேறு ரகம். விரல்களின் அடிமூட்டையும் மணிக்கட்டையும் அரிக்கும், அதுவும் இரண்டு கையிலும் ஜோடியாக.

ஒரு ஐப்பசியில் ஒரு அக்கா வந்தார். நடவு வேலை செய்பவர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சீட்டில் 'தேய்மானம், வலது கை' என்று டாக்டர் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் நடவுக்காரிக்குக் கை வலித்தால் யாரும் மேற்கொண்டு யோசிப்பதில்லை. சேற்றில் குத்திக் குத்தித் தேய்ந்துவிட்டது என்பார்கள். வலிக்கிறவர்களும் அதையே சொல்வார்கள்.

"காலையில ஒரு மணி நேரத்துக்கு விரல மடக்க முடியலம்மா. கை போயிருச்சுன்னா என்னைய எவ நடவுக்குக் கூப்பிடுவா?" என்றார்.

"இடது கை எப்படிக்கா இருக்கு?"

"அதுவும் கொடையுது. அத விடுங்க, நாத்து முடி புடிக்கிற கைதானே, அதுக்கு என்ன வேலை?"

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு நடவுக்குப் போனவள் நான். நாற்றுக் கட்டைத்தான் முடி என்போம். அதைப் பிடித்து நாற்றைப் பிரித்துக் கொடுப்பதோடு இடது கைக்கு வேலை முடிந்தது. குத்துவதெல்லாம் வலது கைதான். சேறுதான் காரணம் என்றால் இடது கை எதற்காக நோக வேண்டும்? நேரே டாக்டர் அறைக்குப் போய், இடது கையையும் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"இடது கை எதுக்கும்மா? நட்டு நட்டுத் தேஞ்சது வலது கைதானே."

"சார், நடவுல இடது கை குத்தாது சார். ஆனா அதுவும் வலிக்குதாம்."

டாக்டர் டவுன்காரர், வயலில் இறங்கியவர் இல்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டையும் எடுத்துத் தொலைங்க" என்றார்.

இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி எடுத்தேன். திரையில் படம் வந்தது. நுனி மூட்டுகள் சுத்தமாக இருந்தன. அடிமூட்டுகளின் ஓரம் லேசாக அரித்திருந்தது, இடதும் வலதும் ஒரே இடத்தில். பாவம் அந்த அக்கா என்று முதலில் தோன்றவில்லை எனக்கு. பிடித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது, அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். சீட்டை இழுத்து, தேய்மானம் என்பதை அடித்தார். தஞ்சாவூருக்கு, மூட்டு டாக்டருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே, "விரல் கோணுறதுக்கு முன்னாடி பாத்துட்டோம்" என்றார். யார் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததற்கே எனக்கு ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

அடுத்த ஐப்பசியில் அந்த அக்கா மறுபடி படம் எடுக்க வந்தார். பழைய படத்தையும் புதியதையும் வைத்துப் பார்த்தேன். அரிப்பு நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அவருடைய நகக்கண்ணில் சேறு இருந்தது.

"காலையில மடங்குதாக்கா?"

"கையக் குடுங்க" என்றார். கொடுத்தேன். இடது கையால்தான் பிடித்தார். என் விரல் எலும்பெல்லாம் நெறிபடும்படி இறுக்கினார். நன்றாகவே வலித்தது. விடுங்க என்று நான் சொல்லவில்லை.