நாலாவது பங்கு

படத்தில் வந்த ஓர் ஆமையிலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாண நகரத்துத் தியேட்டர் ஒன்றில், மலிவு டிக்கெட் கலரி வாங்கில் இருந்து நான் மூன்று தரம் பார்த்த வெளிநாட்டுப் படம். கப்பல் உடைந்து, சிறு படகொன்றில் தனித்துப்போனவன் தாகத்தால் நாக்குத் தடித்துக் கிடக்கிறான். படகோரம் ஓர் ஆமை மிதந்து வருகிறது. அதை இழுத்துப் போட்டு, கழுத்தை அறுத்து, இரத்தத்தைக் குடிக்கிறான். அதன் பிறகுதான் எழுந்து உட்காரும் தெம்பு அவனுக்கு வருகிறது. கலரி முழுவதும் கைதட்டியது. நானும் விசிலடித்தேன். ஆமையைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. படமும் யோசிக்கவில்லை.

அந்தக் காலத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் கதை என்றால் எனக்குப் பைத்தியம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை தூக்கினேன். நீர்வேலியில் வாழைக்குலை வெட்டி வண்டியில் ஏற்றினேன். ஓரிடத்தில் ஒரு வருடம் நின்றால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். என்னோடு கூடவே வந்தவை அட்டை போன மொழிபெயர்ப்பு நாவல்கள்தான். தீவில் ஒதுங்கியவன், பனிக்காட்டில் வழி தவறியவன், பாலைவனத்தில் விடப்பட்டவன். கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோனதால் ஆள் பிழைத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாமலே போன கதைகளும் உண்டு. அந்தக் கதைகளில் மிருகங்களுக்கு இரண்டு வேலைதான். ஒன்று, மனிதனுக்காகச் சாக வேண்டும். இல்லையென்றால் அவனுக்குச் சாப்பாடாக வேண்டும். அப்போது அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

கடல் தொழிலுக்குப் போனதும் இந்தக் கதைகளின் தூண்டுதலால்தான். வடகரையில் பாய்மர வள்ளம் ஒன்று வைத்திருந்தவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவியின் தம்பியும் அதே வள்ளத்தில் தொழில் செய்தான். என் வயதுக்காரன். எனக்கு அவனும் அவனுக்கு நானும் மச்சான். ஆமைப் படத்தை மூன்றாம் தரம் அவனோடுதான் பார்த்தேன். அண்ணை படம் பார்ப்பதில்லை.

அண்ணையின் ஒரே மகள் முந்திய வருடம் கடும் காய்ச்சலில் விழுந்தாள். பிள்ளை பிழைக்காது என்று வைத்தியம் பார்த்த பரியாரியே கைவிட்ட நேரத்தில், அண்ணையின் மனைவி வைரவருக்கு ஒரு கடா நேர்ந்தார். பிள்ளை எழும்பி நடந்தாள். அந்த நேர்த்திக்கு என்று நெடுந்தீவில் இருந்த உறவினர் வீட்டில் ஒரு குட்டி வளர்ந்தது. எங்கள் பக்கத்தில் வேள்விக் கடாவைச் சும்மா ஓர் ஆடாக எண்ணமாட்டார்கள். வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத தீன் அதற்குக் கிடைக்கும். வேள்வியன்று மாலை போட்டு, மேளத்தோடு கோயிலுக்கு நடத்திக்கொண்டு போவார்கள். யாருடைய கடா உயரம் என்று ஊர் முழுக்கக் கதைக்கும். பிறகு ஒரே வெட்டு.

வேள்வி கிட்டிய நேரம், கடாவை ஏற்றிவர மூவரும் நெடுந்தீவுக்குப் போனோம். திரும்பி வரும்போது சோழகம் பிடித்தது. அந்தத் தென்மேல் காற்று வழக்கத்தைவிட முந்தி வந்துவிட்டது. பாய் கிழிந்தது, பாய்மரம் முறிந்தது, சுக்கான் கழன்று போனது. காற்று எங்களைக் கரையை விட்டு வடகிழக்கே தள்ளிக்கொண்டு போனது. மறுநாள் எந்தப் பக்கமும் நிலம் இல்லை.

அந்த நாட்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில் சுட்டது. உதடு வெடித்தது. கதைப் புத்தகங்களில் இதை இருபது பக்கத்துக்கு எழுதுவார்கள். உண்மையில் அது ஒரே பக்கம்தான், திரும்பத் திரும்ப வரும்.

ஒரு குடத்தில் கொஞ்சத் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அண்ணை அதைத் தேங்காய்ச் சிரட்டையால் பங்கிட்டார். முதல் எனக்கு, பிறகு மச்சானுக்கு, பிறகு தனக்கு, கடைசியில் கடாவுக்கு. எல்லாருக்கும் ஒரே அளவு. கடா சிரட்டையின் அடிவரை நக்கிவிட்டு அவருடைய முகத்தைப் பார்க்கும். குடத்தின் அடி தெரியத் தொடங்கியபோது மச்சான் வாய் திறந்தான்.

"அத்தான், நாங்கள் மூண்டு பேர்."

"வள்ளத்திலை ஏறினது நாலு."

"உது ஆடு."

"ஆடெண்டால் தாகம் இல்லையோ?"

மச்சான் அதோடு விடவில்லை. "படத்திலை அவன் ஆமையின்ரை இரத்தத்தைக் குடிச்சுத்தான் பிழைச்சவன். உவனைக் கேளுங்கோ, உவனும் பார்த்தவன்."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "அந்த ஆமை அவனோடை வள்ளத்திலை வந்ததோ?"

"இல்லை அண்ணை. கடலிலை வந்தது."

"அப்ப அது வேறை."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படியொரு சட்டம் எழுதப்பட்டிருக்கவில்லை. கூட ஏறியதைத் தின்னக்கூடாது. அவ்வளவுதான். ஆனால் மச்சானிடமும் பதில் இருந்தது. எப்படியும் வெட்டப்போகிற கடாதானே, கோயிலில் வெட்டினால் என்ன, இங்கே வெட்டினால் என்ன என்று கேட்டான். அண்ணை சிரட்டையை எடுத்துக் கடாவின் பங்கை அளந்து ஊற்றினார்.

அன்று பின்னேரம் அண்ணை அயர்ந்து சரிந்துவிட்டார். மச்சான் கத்தியை எடுத்துக்கொண்டு கடாவிடம் தவழ்ந்து போனான். கதாநாயகன் என்றால் அந்த இடத்தில் வசனம் பேசியிருப்பான். எனக்கு வாயில் எச்சிலே இல்லை. நானும் தவழ்ந்து போய்க் கடாவின் கயிற்றை மச்சானிடமிருந்து என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மச்சான் அதன் கழுத்தை இடக்கையால் வளைத்தான். கடா துள்ளவில்லை. கழுத்தை வளைத்த கையைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் மூவர் உடம்பிலும் உப்பு வெள்ளையாகப் படிந்து கிடந்தது. கடா நாக்கை நீட்டி, அவன் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஆறுதலாக நக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் முடிந்ததும் தலையைச் சரித்து மறுபக்கம் நக்கியது.

மச்சான், "கூசுதடா" என்றான்.

கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு மற்றக் கையையும் நீட்டினான்.

அடுத்த விடியலில் காற்று விழுந்திருந்தது. சுற்றிவரப் புகார் மூட்டம், வெள்ளைச் சீலை கட்டியதுபோல. அதுவரை படுத்துக் கிடந்த கடா எழும்பி நின்றது. காதை முன்னுக்குத் தள்ளி, மூக்கை உயர்த்தி ஒரு பக்கம் பார்த்துக் கத்தியது. நீரோட்டத்தில் வள்ளம் மெல்லச் சுற்றினால், கடாவும் காலை மாற்றி வைத்துத் திரும்ப அந்தப் பக்கமே நின்றது. அண்ணை அதைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "உவனுக்கு என்னவோ மணக்குது" என்றார். மிஞ்சிய ஒரு துடுப்பாலும் ஒரு பலகைத் துண்டாலும், கடாவின் மூக்கு காட்டிய திசைக்கு வலித்தோம். புகார் விலகும்போது வடமராட்சிக் கிழக்கின் மணற்கரை தெரிந்தது.

கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டார்கள். அண்ணை, "நாலு பேர்" என்றார். எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டு இளவட்டங்கள் நாலாவது ஆளைத் தேடிக் கடலுக்குள் பாய்ந்துவிட்டார்கள். மச்சான்தான் தட்டுத் தடுமாறிக் கடாவைக் காட்டி அவர்களைக் கூப்பிட்டான். எங்களுக்குச் சிரிக்கச் சக்தியில்லை. பிறகு பல வருடங்களாகச் சேர்த்துச் சிரித்தோம்.

ஊருக்கு வந்த பிறகுதான் உண்மையான கண்டம். வைரவர்தான் தன் கடாவுக்காக உங்களைக் கரை சேர்த்தார், இனி நேர்த்தியைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அண்ணை சாப்பிடாமல் கிடந்தார். ஒரு பக்கம் கடா, மறுபக்கம் மகள். நேர்ந்ததை மாற்றி, பிள்ளைக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? வெட்ட ஏலாது என்று முதலில் சொன்னவன் மச்சான்தான். அவனை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

அப்போது அண்ணையின் மனைவி மகளைக் கையில் பிடித்தபடி முற்றத்துக்கு வந்தார்.

"நேர்ந்தது நான். உனக்கொரு கடா தாறன் எண்டுதான் சொன்னனான். வெட்டித் தாறன் எண்டு சொல்லேல்லை."

பெரியவர்களோடு வந்திருந்த பூசாரியார் விடவில்லை. "தாறதெண்டால் வெட்டித் தாறதுதானே, பிள்ளை."

"அது உங்கடை பழக்கம். அவர் கேட்டால் நான் மறுமொழி சொல்லுறன்."

அவர் உண்மையில் என்ன சொல்லி நேர்ந்தார் என்பது வைரவருக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் அப்படிச் சொன்ன பிறகு, அதற்கு மேல் கேட்க யாருக்கும் துணிவில்லை. வேள்வியன்று கடா மாலையோடும் மேளத்தோடும் கோயிலுக்கு நடந்து போனது. கழுத்தில் மாலையோடு நடந்தே வெளியில் வந்தது. நான் அதற்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அதற்கு முன்னும் பின்னும் எந்த ஊர்வலத்திலும் நான் அப்படி நடந்ததில்லை. பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. வளர்ந்து கலியாணம் கட்டி, பிள்ளைகளும் பெற்றாள்.

கடா கோயில் கடாவாக ஊரைச் சுற்றியது. எல்லா வேலியின் பூவரசங் குழையையும் தின்றது, ஏச்சும் வாங்கியது. கடற்கரைப் பக்கம் மட்டும் கால் வைக்காது. அலைச் சத்தம் கேட்கும் குறுகிய ஒழுங்கையில் திரும்பினாலே நின்றுவிடும், இழுத்தாலும் வராது. மிருகத்துக்கு மனம் உண்டா என்று பின்னாளில் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலித் தேநீர்க் கடைகளில் இளம் பொடியள் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். நான் இடையில் போவதில்லை. எனக்கு அந்த ஒழுங்கை போதும்.

ஆனால் படத்தில் காட்டுகிற மாதிரியும் இல்லை. பல வருடம் கழித்து மச்சானும் நானும் இன்னொரு படத்துக்குப் போனோம். பனிமலையில் எசமானைக் காப்பாற்றிய நாய் ஒன்று கண்ணீர் விட்டது. கலரியே மூக்கைச் சிந்தியது. "வெங்காயம் தேய்ச்சிருக்கிறாங்கள்" என்றான் மச்சான். சுன்னாகத்து மூட்டைகளைத் தூக்கிய எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் கடா நன்றிக்காக அழவில்லை. தன் பங்குக்குத் தண்ணீர் ஊற்றிய அண்ணையைக் கண்டால் திரும்பியும் பார்க்காது. கயிற்றைப் பிடித்த என்னை இரண்டு தரம் முட்டியிருக்கிறது. அது தேடிப் போனது கத்தி எடுத்தவனைத்தான். அவன் வரும் சைக்கிள் சத்தத்துக்கே ஓடிப்போய் ஒழுங்கை முகப்பில் நிற்கும்.

கேட்டால் மச்சான், "உப்புக்குத்தான் வாறது, வேறையென்ன" என்பான்.

இருக்கலாம். ஆனால் தொழிலால் கரைக்கு வந்ததும் நாங்கள் எல்லோரும் கிணற்றடியில் முழுகுவோம். அவன் முகம், முதுகு, கால் எல்லாம் கழுவுவான். இரண்டு கைகளிலும் மட்டும் தண்ணீர் படவிடமாட்டான். அப்படியே சைக்கிளில் ஏறிக் கோயிலடிக்குப் போய், கடா நக்கி முடித்த பிறகுதான் திரும்பி வந்து கழுவுவான். கடா கிழடாகிப் பல் விழுந்து கிடந்த காலத்திலும் அதை விடவில்லை. தொழில் இல்லாத நாட்களில் கடற்கரைக்குப் போய்க் கைகளை முழங்கை வரை கடல்நீரில் நனைத்து, வெயிலில் காயவிட்டுக்கொண்டு போனான்.