இருபத்தேழாம் நம்பர் இடது கை

பேகம்பூரில், வெல்டிங் வேலைக்கான தோல் கையுறை தைக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, பன்னிரண்டு தையல் மெஷின், ஒரே ஒரு ஃபேன். வந்து போனவர்களையும் சேர்த்து எண்ணியதில் ஜீனத்துக்குக் கிடைத்த நம்பர் இருபத்தேழு.

ஒன்பது வருஷமாக அவள் இடது கை மட்டும்தான் தைக்கிறாள். பாதிப் பேருக்கு இடது, பாதிப் பேருக்கு வலது. ஒரே கையைத் தைத்தால்தான் வேலை ஓடும், உருப்படி கூடும் என்பார் முதலாளி ஹக்கீம் பாய். டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. ஜீனத்தும் மறுபேச்சுப் பேசவில்லை. தைத்தவரின் நம்பரை மணிக்கட்டின் உள்பக்கம் மையால் குத்திவிடுவார்கள். தையல் பிரிந்தால் யார் தலையில் கட்டுவது என்று தெரிய வேண்டுமே. ஜோடி சேர்ப்பதெல்லாம் பேக்கிங்கில்.

அவள் புருஷன் வாஜித் அரபு நாட்டில், தம்மாமில் வெல்டர். போய் நான்கு வருஷம். ஒருநாள் லாரியில் ஏறிய பெட்டியில் தம்மாம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கிறுக்குத்தனம்தான். அவ்வளவு பெரிய ஊரில் அவள் தைத்தது அவன் கைக்கே போய்ச் சேருமா? ஆனால் அவனைத் தொட்டு நான்கு வருஷம் ஆனவளுக்கு, தான் தொட்ட தோலாவது அவனைத் தொடட்டும் என்றிருந்தது.

"ஏங்க, க்ளவுஸுக்கு உள்ள இருபத்தேழுன்னு இருக்கான்னு பாருங்க" என்று போனில் நச்சரித்தபடியே இருந்தாள். அவன் சிரித்து மழுப்புவான். போன வெள்ளிக்கிழமை அவனே சொன்னான்.

"கெடச்சிருச்சு புள்ள. அதத்தான் போட்டு வேல பாக்குறேன்."

"நெசமாவா? எந்தக் கையில?"

"ரெண்டு கையிலயும். ரெண்டுலயும் இருபத்தேழுதான்."

இடது வலது பிரித்துத் தைப்பதை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. புருஷனிடம் பேச அதுவா விஷயம்? அவன் சொன்னது பொய் என்று தெரிந்தது. அவள் மனம் குளிரச் சொன்ன பொய் என்பதும் தெரிந்தது. அழுகை வந்தது, அவன் மேல் ஆசையும் பொங்கிக்கொண்டு வந்தது.

"சரிங்க, சூதானமா இருங்க" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஹக்கீம் பாய் முன்னால் போய் நின்றாள்.

"பாய், எனக்கொரு ஜோடி வேணும். கூலியில புடிச்சுக்கங்க. வலதையும் நானே தச்சுக்கிறேன்."

"ஒனக்கு வலது வராதேம்மா."

"வரவச்சுக்கிறேன்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தாள். மணிக்கு எட்டு இடது கை தைக்கிறவளுக்கு அந்த ஒரு வலது கை முக்கால் மணி நேரத்தைத் தின்றது. பழக்கத்தில் கட்டைவிரல் எதிர்ப்பக்கமே போய் நின்றது. இரண்டு தடவை பிரித்தாள். தூக்குச்சட்டியில் சோறு அப்படியே இருந்தது.

முடித்ததும் அதற்குள் தன் கையை விட்டுப் பார்த்தாள். தொளதொளவென்று இருந்தது. அவன் கைக்குச் சரியாக இருக்கும்.

பக்கத்து வீட்டு ரிஃபாத் புதன்கிழமை தம்மாமுக்கு விமானம் ஏறுகிறான், அவனிடம் கொடுத்துவிடலாம். ஜீனத் முத்திரையை எடுத்து, வலது கைக்குள்ளும் இருபத்தேழு என்று அழுத்திக் குத்தினாள். இனி வாஜித் சொன்னது பொய்யில்லை.