சண்முகத்தாய் திரும்பிப் படுக்காத பக்கம்

சண்முகத்தாய்க்கு வலது இடுப்பின் வெளிப்புறத்தில் வலி வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனி வேனில் ஏற வலது காலை ஊன்றினால் தொடை வரைக்கும் சுண்டி இழுத்தது. முதலில் பார்த்த டாக்டர் எலும்புத் தேய்மானம் என்று மாத்திரை கொடுத்தார். வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரீத்திகா என்ற டாக்டர்தான் வலிக்கிற இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். சண்முகத்தாய் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். தொடை எலும்பு புடைத்து நிற்கிற இடத்தில், தசைநார் உரசாமல் காக்க நீர் நிறைந்த சின்னப் பை ஒன்று உண்டு, அதுதான் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பாள் என்றும் கேட்டார்.

"வலிக்கிற பக்கந்தாம்மா."

"மறுபக்கம் திரும்பிப் படுக்கலாமே?"



மறுபக்கம் அவள் புருஷன் ஊர்க்காவலன் படுத்திருப்பான். எட்டு வருஷத்துக்கு முன்னால், கல்லூரிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த மகள் பானுப்பிரியாவை, தாய் வேண்டாமென்று தடுத்தும் கேட்காமல், வெம்பக்கோட்டைப் பக்கம் லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட்டுக்கு, அப்போது குடிகாரனாக இருந்த அவன் வேலைக்கு அனுப்பினான். தீபாவளி சீசன். அந்த வாரமே வெடிமருந்து வெடித்து மகள் செத்துப்போனாள். புருஷனைப் பிரிந்து போக சண்முகத்தாயை உறவுக்காரர்கள் விடவில்லை. இருந்ததோ ஒற்றை அறை வீடு. அன்றிலிருந்து அவள் சுவரைப் பார்த்தே படுத்தாள். இடுப்பு எரிந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

டாக்டர் வீங்கிய இடத்தில் ஊசி போட்டார். இடது பக்கம் சாய்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துப் படுக்கச் சொன்னார். அப்படிப் படுத்தபடியே வலது காலை மெல்லத் தூக்கி இறக்கும் பயிற்சியையும் காட்டிக்கொடுத்தார். கூட வந்திருந்த ஊர்க்காவலன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

வீட்டில் பாய் விரிக்கும்போது அவன் சொன்னான். "இனி இந்தப் பக்கம் திரும்பித்தான படுக்கணும்."

குரலில் ஒரு ஆசை இருந்தது. அது அவளுக்குக் கேட்கவும் செய்தது.

"நீங்க செவத்தோரம் போங்க. நான் வாசப் பக்கம் படுத்துக்கிடுதேன்."

அவன் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டான். அவள் வாசலைப் பார்த்து, இடது பக்கம் சாய்ந்து படுத்தாள்.

மாசி மாதத்துக்குள் வலி முக்கால்வாசி குறைந்தது. வேனில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண், ஊர்க்காவலன் குடியை விட்டு நல்ல மனுஷனாகிவிட்டானாமே என்று விசாரித்தாள்.

"எம்மக இருக்கையில ஆயிருக்கணும்" என்றாள் சண்முகத்தாய்.