வாசலில் பரப்பிய கடல்மணல்

ஐரின் டீச்சருக்கு யாரையும் நிற்க வைத்துப் பேசத் தெரியாது. குழாய் ரிப்பேருக்கு வந்தவரைக்கூட உட்கார வைத்து, காபி கொடுத்த பிறகுதான் குழாயைக் காட்டுவார். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். மயிலாப்பூர் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடே உத்தியோகத்தை முடித்தவர். கணவர் பிலிப் இருக்கும்போதே ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு வீட்டை வாங்கிப் போட்டிருந்தார்கள். அவர் போன பிறகு டீச்சர் தனியாக அங்கே குடிவந்தார். ஒரு பக்கம் என் வீடு. மறுபக்கம் மேன்டில் பட்டறை.

மேன்டில் என்றால் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் பளீரென்று எரியுமே, அந்த வலை. அதை முக்கியெடுத்த மருந்துத் தண்ணீரைப் பட்டறைக்காரன் சுவரோரம் கொட்டுவான். அது டீச்சர் வீட்டு வாசலில் வந்து தேங்கும். அந்த மருந்தில் தோரியம் இருக்கிறது, அதிலிருந்து கதிர்வீச்சு வரும் என்று கேள்விப்பட்டதிலிருந்து டீச்சருக்கு நிம்மதி போயிற்று. திருச்சியில் இருக்கும் மகள் ஜெசிகா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். பேரக்குழந்தை தவழப்போவது அந்த மண்ணில்தான்.

அதற்குள் பட்டறையை நிறுத்தி மண்ணை அள்ளவைக்க வேண்டும் என்று கிண்டியிலும் அடையாறிலும் இருக்கும் சர்க்கார் ஆபீஸ்களுக்கு நடையாய் நடந்தார். நானும் கூடப் போயிருக்கிறேன். போன இடமெல்லாம் அது எங்கள் வேலை இல்லை என்றார்கள். யார் வேலை என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த ஆபீஸ் பெஞ்சுகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

கடைசியில், மண்ணை அளந்து பார்க்க ஆள் வருவதாகத் தகவல் வந்தது. பெரிய மனிதர்கள் சேற்றை மிதித்துக்கொண்டா உள்ளே வருவார்கள்? விசேஷமென்றால் வாசலில் புதுமணல் பரப்புவது டீச்சர் வீட்டு வழக்கம். தெருமுனை அக்பர் பாஷாவின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் திருவான்மியூர் கடற்கரை மணல் வந்து இறங்கியது. டீச்சரே குனிந்து நிரவினார். மண்ணை அளக்க வருகிறவனுக்கு மண்ணை மூடிவைக்கிறோமே என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

வந்த அதிகாரி மிஷினை நீட்டியதும் அது டிக்டிக்கென்று அடித்தது. டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாதி பாரம் இறங்கிவிட்டது. அதிகாரி குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். டீச்சர் பெருமையாகச் சொன்னார்.

"போச்சு போங்க. கடல்மணல்ல இந்தத் தோரியம் இயற்கையாவே கொஞ்சம் இருக்கும்மா. மேன்டில் மருந்தும் இதே சரக்குதான். எது மணலோடது, எது பட்டறையோடதுன்னு மிஷின் எப்படிச் சொல்லும்?"

மணலை வழித்துவிட்டு அளக்கச் சொல்லி டீச்சர் கெஞ்சினார். சேற்றோடு கலந்துவிட்டது, இனி வேறு விதமாகத்தான் பார்க்க வேண்டும், மறுபடி மனு கொடுங்கள் என்றார் அவர். எல்லாவற்றையும் கடல்மணல் கணக்கில் எழுதி, இயற்கையான அளவுதான், பயமில்லை என்று அறிக்கை வந்தது. பட்டறைக்காரன் தன் பிரதியை பிரேம் போட்டு மாட்டிக்கொண்டான்.

மறுபடி மனு கொடுக்க டீச்சருக்குத் தெம்பில்லை. அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்ட ஜெசிகாவோ, இனி என்ன கவலை, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன் என்று என் வீட்டுப் போனில் கூப்பிட்டாள். டீச்சர் ரிசீவரை வாங்கினார்.

"என்னால பாத்துக்க முடியாது ஜெசி. நீ மாமியார் வீட்டுலயே இரு."

பெற்ற அம்மா சொல்கிற பேச்சா இது? அந்தப் பக்கம் ஜெசிகா அழுததும் கத்தியதும் எனக்கே கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மண்ணுக்குப் பயந்துதான் சொன்னீர்கள் என்று நானே கூப்பிட்டுச் சொல்லட்டுமா என்றேன்.

"வேணாம்ப்பா. சொன்னா, ரிப்போர்ட்டுதான் வந்தாச்சேன்னு கிளம்பி வந்துடுவா. என்மேல கோபமா இருந்தாத்தான் வராம இருப்பா."