ஸ்ரனிஸ்லாஸ் மூன்று கணினிகளை விசாரித்த கதை

இத்தாலியில், பலெர்மோ நகரின் கபோ சந்தையில் ஸ்ரனிஸ்லாஸ் மீன் வாங்கும் முறை அங்குள்ள வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று கடைகளில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், மூக்கைக் கிட்டக் கொண்டுபோவார், வாங்காமல் நகர்வார். பிறகு நாலாவது கடையில் எதையுமே பார்க்காமல் வாங்கிக்கொண்டு போவார். பார்க்கிறவனைத்தான் ஏமாற்றுவார்கள் என்பது அவருடைய கட்சி.

மன்னாரிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம். அதில் பத்தொன்பது வருடம் ஒரே சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. சனிக்கிழமை தோறும் அந்த அம்மாவின் வெள்ளிக் கரண்டிகளை, அவர் கேளாமலே, முன்னால் பரப்பி எண்ணிக் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொள்வார். தொடக்கத்தில் சிஞ்ஞோரா சிரித்தார். இப்போது தானே கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பேனாவும் கையுமாகக் காத்திருக்கிறார்.

ஆனால் ஊர் அவரை அறிந்தது வேறொரு வேலையால். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுத் தாள் அடித்துக் கொடுப்பவர் அவர்தான். ஒரேத்தோ தெருவில் அவருடைய வீட்டு மூலையில், படுக்கை விரிப்பால் போர்த்தியபடி ஒரு பழைய கணினி இருந்தது. பதினாலு வருடமாக அடித்த அறுநூறு பாட்டும், பெரிய வெள்ளிக்கு வேண்டிய சிலுவைப்பாதைப் புத்தகமும் அதற்குள்தான். வேறெங்கும் பிரதி கிடையாது. பிரதி என்று ஒன்று இருந்தால் அதை எடுக்க ஒருவன் வருவான் அல்லவா? அந்த ஒருவன் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. கோவிலில் ஓர்கன் வாசிக்கும் றொனி. பாட்டுகளைத் திரையில் போடலாம் என்று சொல்லி மூன்று முறை அவற்றைக் கேட்டவன்.

மாசி மாதம் ஒருநாள், இந்த இயக்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பு இல்லை என்று கணினி அறிவித்தது. ஸ்ரனிஸ்லாசுக்கு முதலில் வந்தது பயமல்ல. அப்படியானால் இவ்வளவு காலமும் பாதுகாத்தது யார், எங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்ற கேள்வி. அடுத்த கிழமை அது நாலாவது முறை அமுக்கிய பிறகே உயிர் பெற்றது. செய்தி சுவாமியாரின் காதுக்கும் எட்டியது. பெரிய வெள்ளி கிட்டுகிறது, உங்களுக்குச் சிரமமென்றால் புத்தகத்தை றொனி பார்த்துக்கொள்வான் என்று அவர் அன்பாகச் சொன்னார். அந்த அன்பு ஸ்ரனிஸ்லாசை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

புதுக் கணினி வாங்குவது என்று முடிவாயிற்று. எந்த இயக்குதளம்? விசாரித்ததில் விண்டோஸ், மக், லினக்ஸ் என்று மூன்றுதான் பெயர் சொன்னார்கள். நாலாவது இல்லை என்பதே அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பாட்டுத் தாளில் ஒரேயொரு பக்கத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, மாதாவின் உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

முதலில் கணினி விற்கும் சுரேசின் கடை. அங்கே விண்டோஸ் அவருடைய பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் எல்லாம் கேட்டுவிட்டு, முகத்தையும் காட்டச் சொன்னது. வதிவிட அனுமதிக்குக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் நின்றபோதும் இவ்வளவு கேட்கவில்லை என்று அவர் முறையிட்டார். பக்கத்தைத் திறந்தால் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. முதல் இரண்டு வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்தது மக். அது றொனியிடம்தான் இருந்தது. சியாகுல்லி மந்தரின் தோடம்பழம் ஒரு பை கொடுக்கிற சாட்டில் போனார். மக் விரலை வைக்கச் சொன்னது. றொனி தன் விரலை வைத்துத் திறந்துவிட்டுக் கோப்பி போட உள்ளே போனான். ஏன் போனான்? பார்க்காத மாதிரிப் பார்ப்பதற்குத்தான். பக்கம் திறந்தது. அதே ஆங்கிலம், அதே அரைப்புள்ளி. துண்டோடு ஒப்பிட்டார், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

மூன்றாவது அவருடைய சொந்த வீட்டில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் மகள் ஜெனுஷா லினக்ஸ்தான் வைத்திருந்தாள். அது அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. இலவசம் என்றும் சொன்னாள்.

“ஆர் இதைத் தாறது?”

“ஒருத்தரும் இல்லையப்பா. உலகத்திலை எல்லாரும் சேர்ந்து செய்யிறது.”

“ஒருத்தருமில்லாத எல்லாரும் எண்டால் ஆர்?” என்று கேட்டவர், பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அன்று சாப்பாட்டு மேசையில் விசாரணை முடிவு வெளியிடப்பட்டது. சந்தையில் ஒருவரோடொருவர் போட்டி போடும் மூவர், அவருடைய பாட்டில் மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒற்றுமைப்பட்டிருக்கிறார்கள். இது பேசி வைத்துச் செய்த வேலை. மனைவி சூசையம்மா சொதியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, மூண்டு பேரும் ஒண்டையே சொன்னால், அது உண்மையா இருக்குமெண்டு ஒருக்காலும் யோசிக்க மாட்டியளோ?”

ஜெனுஷா துண்டை வாங்கிப் பார்த்தாள். “அப்பா, நீங்கள் பாமினி ஃபொன்ட்டிலை அடிக்கிறனியள் என்ன? அது தமிழே இல்லை. உள்ளுக்கு இருக்கிறது இங்கிலிஸ் எழுத்து. உங்கடை கொம்பியூட்டர் அதுக்குத் தமிழ் உடுப்புப் போட்டுக் காட்டினது. இவை மூண்டு பேரிட்டையும் அந்த உடுப்பில்லை, உள்ளதைக் காட்டீட்டினம்.”

ஸ்ரனிஸ்லாஸ் திரும்பி மூலையில் போர்த்திக் கிடந்ததைப் பார்த்தார். ஊரெல்லாம் தேடிய கள்வனுக்குப் பதினாலு வருடமாகப் படுக்கை விரிப்புப் போர்த்தியது அவரே.

எல்லாவற்றையும் உண்மையான தமிழ் எழுத்துக்கு மாற்றித் தரலாம், பிறகு எந்தக் கணினியிலும் திறக்கும் என்றாள் மகள்.

“எந்தக் கணினியிலும் எண்டால்?”

“ஆற்றையிலையும். றொனி மாமாவின்ரையிலையும்தான்.”

அங்கேதான் சிக்கியது. மாற்றாவிட்டால் புத்தகம் அந்தப் பழையதோடு சாகும். மாற்றினால் யாரும் வாசிக்கலாம், யாரும் அடிக்கலாம், பிறகு ஸ்ரனிஸ்லாஸ் எதற்கு? மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் காலை கணினி ஒன்பதாவது முறைதான் எழும்பியது, அதுவும் இருமிக்கொண்டு. அவர் விரிப்பை உரித்தெடுத்து மடித்தார்.

“அமுனி அப்பா, எழும்புங்கோ,” என்று சிசிலிக்காரர் பாணியில் அவசரப்படுத்தினாள் ஜெனுஷா. கதிரையை விட்டுக் கொடுத்தார். ஆனால் அறையை விட்டுப் போகவில்லை. பின்னேரம் வரைக்கும் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்றானதும் அவருக்குப் பெரிய ஏமாற்றம். இருந்தாலும் சுரேசிடம் போய் விண்டோசையே வாங்கினார். காரணத்தைச் சூசையம்மாவுக்கு மட்டும் சொன்னார்: அதுதான் நம்மை ஆரென்று திரும்பத் திரும்பக் கேட்கிறது, யாரையும் லேசில் நம்பாத சாமான்.

எடுக்க அவன் வருவதற்கு முந்தி, சிலுவைப்பாதைப் புத்தகத்தை றொனிக்கு அவரே அனுப்பினார். அரை மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது.

“ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை, பதினோராம் நிலையிலை ஒரு வரியைக் காணேல்லை.”

“பதினாலு வருசமா ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லையே.”

“எல்லாரும் உங்களை நம்பித்தானே அண்ணை வாசிச்சவை.”

ஸ்ரனிஸ்லாஸ் தொலைபேசியை வைத்தார். அந்த நாளில் பார்த்து அடித்த அச்சுப் புத்தகத்தைப் பெட்டிக்குள்ளிருந்து தேடி எடுத்தார். றொனி சொன்ன வரி அங்கே இருந்தது. விரலை வைத்து மூன்று தரம் பார்த்தார், பிறகு உட்கார்ந்து அடித்துச் சேர்த்தார்.

பெரிய வெள்ளியன்று பதினோராம் நிலையில், பழக்கமில்லாத அந்த வரியில், சனம் முழுவதும் தடக்குப்பட்டது. ஸ்ரனிஸ்லாஸ் மட்டும் உரக்க வாசித்தார், ஓர்கனடியில் இருந்த றொனி அந்த வரியைச் சரியாகச் சொல்கிறானா என்று ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டு.